மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு வீடும், ஆறு மாதம் தள்ளிப்போட்ட தோட்டமும்

2023 ஆகஸ்ட் மாதக் கடைசியில் அக்கா போன் செய்தாள். சென்னை மடிப்பாக்கத்தில் அவளும் மாமாவும் கட்டிய வீட்டுக்குத் தோட்டம் போட ஒரு நிறுவனத்திடமிருந்து கொட்டேஷன் வந்திருந்தது. மொத்தம் ரூ. 3,85,000. பாதித் தொகையை முன்பணமாகக் கட்டினால் 12 நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். “கட்டுறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பார்த்துடுறா” என்றாள்.

எனக்குக் கட்டட வேலை. அதிலும் வடிகால், மழைநீர் சம்பந்தப்பட்ட வேலைகள்தான் அதிகம். தோட்டக்கலை படித்தவன் இல்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குள் எழுந்த கேள்விகளில் ஒன்றுகூட செடியைப் பற்றியது இல்லை. எல்லாம் தண்ணீரைப் பற்றியவை. நவம்பரில் வரும் தண்ணீர் எங்கே போகும், மே மாதத்துக்கு வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வரும்? இந்த இரண்டுக்கும் அந்த நான்கு பக்கத்தில் பதில் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்ன செய்தோம், எதில் தவறினோம், எவ்வளவு செலவானது என்பதை எழுதி வைக்கிறேன். சென்னையில் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும்.

இடம்

மனை சரியாக ஒரு கிரவுண்டு: 40 அடிக்கு 60 அடி, 2,400 சதுர அடி. வாசல் கிழக்கு. வீடு 1,240 சதுர அடியை எடுத்துக்கொண்டது. முன்னால் 14 அடி, பின்னால் 6 அடி, வடக்கே 5 அடி, தெற்கே 4 அடி காலி. கார் நிறுத்தும் இடத்தைக் கழித்தால் முன்புறம் தோட்டத்துக்கு மிஞ்சுவது 420 சதுர அடி.

கொட்டேஷனில் இருந்தவை: அந்த 420 சதுர அடியிலும் ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி மெக்சிகன் புல், நடுவில் ஒரு சின்ன நீரூற்று, ஓரத்தில் நான்கு அலங்காரப் பனை, சுவரை ஒட்டி 60 இட்லிப்பூச் செடி. மீதி இடம் முழுக்க சிமென்ட் போட்டு அதன் மேல் பேவர் பிளாக். கம்ப்யூட்டரில் வரைந்து தந்த படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. அக்கா அதை போனில் சேமித்து வைத்திருந்தாள். அவள் ஆசையைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருடம் வாடகை வீட்டு பால்கனியில் தொட்டிச் செடி வளர்த்தவள்.

முதல் நாள் நான் கேட்டது ஒன்றுதான்: இந்த இடத்தில் யார், எப்போது இருக்கப்போகிறார்கள்? யோசித்துப் பார்த்தபோது பதில் படத்துக்கு வெகு தூரத்தில் இருந்தது. மாமாவுக்கு முழங்கால் வலி. தெருவில் நடக்கப் பயப்படுகிறார், நாயும் பள்ளமும். வீட்டைச் சுற்றி நடக்க முடிந்தால் போதும் என்றார். ஒரு சுற்று ஏறத்தாழ 50 மீட்டர் வரும், பத்து நிமிடம் நடந்தாலே அவருக்குப் போதுமானது. அக்காவுக்கு சாமிக்குப் பூ, சமையலுக்குக் கறிவேப்பிலை, சாயங்காலம் உட்கார ஒரு நிழல். பெங்களூரிலிருந்து வரும் பேரன் விளையாடத்தான் புல். அவன் வருவது வருடத்துக்கு மூன்று வாரம், அதுவும் மே மாதம்.

புல் குடிக்கும் தண்ணீர்

புல்லுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். 420 சதுர அடி என்பது 39 சதுர மீட்டர். பெருக்கினால் நாளொன்றுக்கு 195 லிட்டர். ஒரு சொட்டும் வீணாகாமல் ஊற்றினால்தான் இந்தக் கணக்கு. குழாயைப் பிடித்து ஊற்றினால் இன்னும் கூடும். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டங்கள் போடுகிறார்கள். அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். புல் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்து, மற்ற இருவரில் ஒவ்வொருவரையும்விட அதிகம் குடிக்கும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் 17,500 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லாரி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தபோது, குடத்தோடு நின்ற நகரம் இது. அக்காவும் நின்றிருக்கிறாள். கணக்கைப் பார்த்துவிட்டு “ஏன்டா, புல்லுக்கா இவ்ளோ?” என்று மட்டும் கேட்டாள். புல் அன்றைக்கே போய்விட்டது.

போர் தண்ணீரையும் சோதித்தோம். கையடக்க டிடிஎஸ் மீட்டர் (ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) சில நூறு ரூபாய்தான். ஆகஸ்டில் 1,850 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. மழைக்கு முந்தைய காலத்திலேயே இப்படி என்றால் மே மாதம் என்ன ஆகும்? (அடுத்த மே மாதம் 2,400 தொட்டது.) இந்தத் தண்ணீரில் நீரூற்றின் துளைகள் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். மோட்டார் ஓடாத வாரத்தில் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகும். நீரூற்றும் போயிற்று.

இட்லிப்பூவைக் கைவிடத்தான் அக்காவுக்கு மனசில்லை. ஆனால் அந்தச் செடிக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். உவர் தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதே தெருவில் இரண்டு வீட்டு வேலியில் அப்படித்தான் இருந்தது, கூட்டிப்போய்க் காட்டினேன். எந்த நர்சரிக்குப் போவதற்கும் முன்னால் தெருவைச் சுற்றி வந்து, ஐந்து வருடமாக எந்தச் செடி தெளிவாக நிற்கிறது என்று பார்ப்பது பெரிய பாடம். அந்தத் தெருவில் அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ, புங்கை, சப்போட்டா எல்லாம் தெம்பாக இருந்தன. எலுமிச்சை எங்கேயும் நன்றாக இல்லை. எலுமிச்சைக்கு உப்பு ஆகாது என்பது எல்லாரும் சொல்வதுதான், கண்ணால் பார்த்தால்தான் மனசு ஒப்புக்கொள்கிறது.

குழி தோண்டிப் பார்த்தது

ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி ஆழத்தில் குழி. தண்ணீர் நிரப்பி வற்ற விட்டு, மறுபடி நிரப்பி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பது. செலவே இல்லாத சோதனை. இங்கே நான்கு மணி நேரத்தில் ஒன்றேகால் அங்குலம்தான் இறங்கியது.

காரணம் தோண்டும்போதே தெரிந்தது. மேலே இரண்டு அடிக்கு உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு. வீடு கட்டும்போது மட்டத்தை உயர்த்தக் கொட்டிய ரப்பிஷ். அதன் கீழே கருங்களி. சென்னையில் மண் ஊருக்கு ஊர் இல்லை, தெருவுக்குத் தெரு மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடற்கரை மணல், ஊற்றியது உறிஞ்சிக்கொள்ளும். வேளச்சேரி, பள்ளிக்கரணையை ஒட்டிய பகுதிகளில் களி. ஒருவர் வீட்டில் சரியாக வந்த தோட்டத்தை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் முதல் காரணம்.

களியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உவர் தண்ணீர் ஊற்றும் இடத்தில், வருடத்துக்கு ஒரு முறை பெருமழை வந்து வேர்ப் பகுதியில் படிந்த உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் கீழே இறங்காத மண்ணில் உப்பும் இறங்காது, அங்கேயே தங்கிவிடும். ஆகவே மழைத் தண்ணீரை வெளியேற்றுவதும் கோடையில் செடி பிழைப்பதும் இந்த வீட்டில் ஒரே வேலை.

டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் தெரு உயர்ந்து, கேட்டுக்கு வெளியே சாலை முற்றத்தைவிட 7 அங்குலம் மேலே இருந்தது. இந்த நிலையில் ஓர் அடி செம்மண்ணை வீட்டுச் சுவரை ஒட்டிக் கொட்டினால், தோட்டம் உயரும், தண்ணீர் கார் நிறுத்தும் இடம் வழியாக வாசலுக்கு வரும். பேஸ்மட்டத்துக்கு மேல் ஈரமண் ஒட்டிக்கொண்டு ஓராண்டில் உள்சுவரில் ஓதம் ஏறும். அழகுக்காகக் கொட்டிய மண்ணால் சுவர் பூச்சு உதிர்ந்த வீடுகளை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கொட்டேஷனில் எனக்குக் கோபம் வந்த ஒரே வரி இதுதான். அளவு நாடாவைத் தவிர வேறு எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை என்று மாமா சொன்னார்.

ஒரு மழையைப் பார்க்கலாம் என்ற முடிவு

சென்னைக்கு வருடத்தில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. அந்த மழை வருவதற்கு ஒன்றரை மாதம் முன்னால் தோட்டம் போடுவதா, ஒரு மழையைப் பார்த்துவிட்டுப் போடுவதா? நான் காத்திருக்கச் சொன்னேன். நிறுவனத்துக்கு மாமாவே போன் செய்து, இப்போது வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

வீட்டு பிளானை ஜெராக்ஸ் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலை 8, பகல் 12, மாலை 4 மணிக்கு எங்கே வெயில், எங்கே நிழல் என்று பென்சிலால் தீட்டி வைக்கச் சொன்னேன். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள், ஒரு தேதியையும் விடவில்லை. மழை நாட்களில் எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதையும் குறித்தாள்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. அந்தப் பகுதியே தண்ணீரில் நின்றது. வீட்டுக்குள் வரவில்லை, இரண்டு படி பாக்கி. மாமா காம்பவுண்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார்: முற்றத்தில் 14 அங்குலம். தெருவில் வடிந்த பிறகும் முன்புறத்தில் மூன்று நாள் தேங்கி நின்றது. ஆகஸ்டில் அந்தப் புல்லைப் போட்டிருந்தால் அது அழுகி, செம்மண் பாதி தெருவுக்குப் போயிருக்கும்.

பின்பக்க மூலையில் இருந்த மழைநீர்க் குழியையும் அப்போதுதான் சோதித்தோம். 2003-லிருந்தே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். இங்கேயும் இருந்தது: மூன்றடி ஆழத்தில் ஜல்லி நிரப்பிய குழி, களிமண்ணுக்குள்ளேயே முடிந்துவிட்டது. மாடியிலிருந்து இறங்கும் தண்ணீர் அதில் நிரம்பி முற்றத்துக்கே திரும்பி வந்தது. மாடிக் கணக்கு சின்னதில்லை. 1,240 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு வருடம் விழும் மழை ஏறத்தாழ 1,60,000 லிட்டர்.

செய்த வேலை

2024 பிப்ரவரியில் தொடங்கினோம். முதலில் முன்புறத்து ரப்பிஷை அள்ளி வெளியேற்றினோம். படத்தில் காட்டிப் பெருமைப்பட முடியாத வேலை, ரூ. 22,000. அடுத்தது உறைக் கிணறு: 3 அடி விட்டம், 14 அடி ஆழம். களி 9 அடியில் முடிந்து மணல் வந்தது. தண்ணீர் இறங்கும் அந்த மணலைத் தொடுவதற்காகத்தான் கிணறு. மாடிக் குழாய்கள் முதலில் ஒரு வண்டல் தொட்டிக்கும், பிறகு கிணற்றுக்கும். நிரம்பினால் தெரு வடிகாலுக்குப் போக ஒரு குழாய். எல்லாம் சேர்த்து ரூ. 55,000. மொத்தச் செலவில் பெரிய தொகை இதுதான். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கச் சம்மதித்திருக்க மாட்டேன்.

நடைபாதை பேவர் பிளாக்தான். ஆனால் சிமென்ட்டுக்குப் பதில் எம்சாண்ட் படுக்கையில், இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும்படி. வழவழப்பான கிரானைட்டை மாமாவின் காலுக்காக வேண்டாம் என்றோம். வெயிலில் கொதிக்கும் கடப்பாக் கல்லையும் தவிர்த்தோம். ரூ. 38,000.

முன்புறத்தில் வீட்டுச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி, 9 அங்குலம் உயர்ந்த பாத்தி. செம்மண், மக்கிய தொழு உரம், கொஞ்சம் மணல். ரூ. 24,000. அதில் சுவரிலிருந்து 9 அடி தள்ளி ஒரு மகிழம். இந்த ஒரு மரத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்ததைவிட அதிகம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்து போன மறுநாள் இந்த நகரத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், வேகமாக வளர்ந்து கூரை போல விரிந்த மரங்கள் எத்தனை சாலையில் கிடந்தன என்று. மகிழம் மெதுவாக வளரும், ஆனால் கட்டை உறுதி, வருடம் முழுக்க இலை, உவர்ப்பையும் ஓரளவு தாங்கும். மின்கம்பி எதிர் ஓரத்தில் போகிறது, சம்ப் கார் பக்கம் இருக்கிறது, இரண்டுக்கும் இந்த இடம் தூரம். பனை நட்டிருந்தால் கவலை இல்லை, நிழலும் இல்லை.

மேற்குச் சுவர்தான் மாலை வெயிலில் அனலடிக்கும். ஆனால் பின்னால் 6 அடிதான் இருக்கிறது, பெரிய மரத்துக்கு இடம் போதாது. அங்கே கம்பிப் பந்தல் போட்டு அவரையும் சங்குப்பூவும், மூலையில் பவளமல்லி, கறிவேப்பிலை. பந்தலுக்கு ரூ. 16,000. செடிகள் எல்லாம் சேர்த்து ரூ. 19,000. சொட்டுநீர்க் குழாய்க்கு ரூ. 11,000. பேரனுக்குப் பத்தடிக்குப் பத்தடியில் ஆற்று மணல் பரப்பு, மிச்சமிருந்த மணலே போதுமாயிற்று. எல்லாம் கூட்டினால் ரூ. 1,85,000. நிறுவனத்தின் தொகையில் மாதாமாதம் ரூ. 4,500 பராமரிப்பு தனி என்பது கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. எங்களுடையதில் கூலி ஆள் மாதம் இரண்டு தடவை.

மரத்தையும் பெரிய செடிகளையும் ஆகஸ்டில்தான் நட்டோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இந்த ஊருக்கு அப்படியே பொருந்தும். சாயங்கால இடிமழை கிடைக்கும், வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் இரண்டு மாதம் வேர் பிடிக்க அவகாசம். மார்ச்சில் நட்டால் முதல் நூறு நாளும் தண்ணீர் சுமந்தே ஓய்ந்துவிடுவோம்.

தவறியது

வடக்குப் பக்க 5 அடியில் 3 அடி நடைபாதை போக 2 அடிப் பாத்தி. அக்காவின் பென்சில் குறிப்புகளில் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே முழு நிழல். அதை நம்பி, அந்தப் பாத்தியை மட்டும் பிப்ரவரியிலேயே நட்டுவிட்டோம்: பெரணி, அகல இலைச் சேம்பு, வெற்றிலை. மே மாத நடுவில் பெரணி கருகித் தாளாயிற்று, சேம்பு இலை ஓரமெல்லாம் வெந்துவிட்டது.

தவறு குறிப்பில் இல்லை, குறிப்பெடுத்த மாதங்களில் இருந்தது. சென்னை வடக்கு 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்றிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி உச்சிக்கு வரும்வரை நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. நாங்கள் பார்க்கத் தொடங்கியது ஆகஸ்ட் கடைசியில். வடக்குப் பக்கம் வெயில் வாங்கும் நான்கு மாதமும் எங்கள் தாளில் வரவே இல்லை. கட்டடக்காரனான எனக்கு இது தெரியும். தெரிந்தும், கையில் இருந்த தாள் முழு வருடத்துக்கும் பேசுகிறது என்று நினைத்துவிட்டேன். செடிக்கு மட்டும் ஆறாயிரம் போயிற்று, மேலே சொன்ன 19,000-க்குள் அதுவும் சேர்த்தி. இப்போது அங்கே நந்தியாவட்டையும் கற்பூரவள்ளியும். வெற்றிலைக்கு மட்டும் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பச்சை நிழல்வலை கட்டுகிறோம்.

இரண்டாவது தவறு சின்னது. ஈரம் காக்கப் பாத்தியின் மேல் தென்னை நார்க்கழிவை மூடாக்காகப் போட்டிருந்தோம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் அது மிதந்து போய் வண்டல் தொட்டியின் சல்லடையை அடைத்தது. மாமா குடை பிடித்துக்கொண்டு கையால் அள்ளினார். இப்போது பொங்கலுக்குப் பிறகுதான் மூடாக்கு.

எவ்வளவு பலன்

ஃபெஞ்சல் மழையில் சாக்பீஸ் கோடு 5 அங்குலம். 14 எங்கே, 5 எங்கே என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் இரண்டு மழையும் ஒன்றில்லை. மிக்ஜாம் போல இன்னொன்று வந்தால் உறைக் கிணறு முதல் நாளிலேயே நிரம்பிவிடும், தெரு நிரம்பினால் முற்றமும் நிரம்பும். ஒரு வீட்டுக் கிணறு வெள்ளத்தைத் தடுக்காது. நான் நம்பிச் சொல்லக்கூடிய மாற்றம் வேறு: தெருவில் வடிந்த பிறகு முற்றம் காய முன்பு மூன்று நாள் ஆனது, இந்தத் தடவை மறுநாள் காலையில் மாமா நடந்தார்.

2025 கோடையில் தோட்டத்துக்கென்று ஒரு லாரிகூட வாங்கவில்லை. சொட்டுநீரில் நாளுக்கு 60 லிட்டர் போல ஆனது. மே மாத டிடிஎஸ் 2,100. முந்தைய வருடத்தைவிடக் குறைவுதான், ஆனால் ஒரு வருட அளவை வைத்துக் கிணற்றின் பலன் என்று சொல்லிவிட முடியாது. இன்னும் மூன்று மே மாதம் அளக்க வேண்டும். அக்காவின் நோட்டில் அதற்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

இட்லிப்பூவும் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் ஏசி தண்ணீர் சொட்டும் குழாயின் கீழே அக்கா ஒரு வாளி வைத்தாள். காற்றின் ஈரம் குளிர்ந்து வரும் தண்ணீர், அதில் உப்பே கிடையாது. மீட்டரை அதில் விட்டபோது 30-ஐக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய மண்தொட்டி, தொட்டியில் ஒரே ஒரு சிவப்பு இட்லிப்பூ, வாளித் தண்ணீர் முழுக்க அதற்குத்தான். போன வாரம் போயிருந்தபோது இலையெல்லாம் கரும்பச்சையாக இருந்தது. ஒரு கொத்தைக் கிள்ளி பூஜையறைக்கு எடுத்துப் போனாள்.